எதிர்வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்த சைக்கிள்

என் வீட்டுக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசைக்கு வராமல் எங்கேயோ போய்விட்டு, மத்தியானம் தோளுக்கு ஒன்றாக இரண்டு பழைய சைக்கிள் பிரேம்களை மாட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். சக்கரம் இல்லை, சீட் இல்லை. துருவும், துருவுக்கு நடுவே மிச்சமிருந்த பெயின்டும்தான். முற்றத்தில் இறக்கி வைத்துவிட்டு, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "சாப்பாடு போடு, அப்புறம் சொல்றேன்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் அப்புறமும் சொல்ல மாட்டார் என்பது எனக்குக் கல்யாணமான புதிதிலேயே தெரிந்துபோன விஷயம்.

அப்போது நாங்கள் மாத்தளையிலிருந்து பலாபத்வல போகும் பெரிய ரோட்டுக்குச் சற்று உள்ளே, ஒரு குறுக்குப் பாதையில் வாடகைக்கு இருந்தோம். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. வீட்டுக்கு முன்னால் தகரம் போட்ட கொட்டகை. அதுதான் அவருடைய வெல்டிங் பட்டறை. ஜன்னல் கம்பி, கேட், தண்ணீர்த் தாங்கிக்கு ஸ்டாண்ட் எல்லாம் செய்வார். நான் உள்ளே தையல் மெஷினில் பள்ளிக்கூட யூனிபோம் தைப்பேன். பாதையில் பாதிப் பேர் சிங்களவர், மிச்சம் தமிழரும் முஸ்லிம்களும். எல்லோரும் எல்லோருக்கும் காலையில் சிரித்துத் தலையாட்டுவோம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் யார் என்ன நினைக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. கொழும்பில் எங்கேயாவது குண்டு வெடித்தது என்று ரேடியோவில் சொன்னால், அடுத்த நாள் அந்தத் தலையாட்டல் கொஞ்சம் குறையும்.

என் வீட்டுக்காரருக்கு இன்னொரு கஷ்டமும் இருந்தது. அவர் பிறந்தது மாத்தளைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில்தான். எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு அவருடைய குடும்பம் வவுனியாவுக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது. அங்கேதான் அவருக்கு அடையாள அட்டை எடுத்தார்கள். வாலிபனானதும் தொழில் பழக மாத்தளைக்குத் திரும்பி வந்தார். ஆனால் அட்டையில், வடக்கே சண்டை நடக்கிற பக்கத்து வவுனியா விலாசம் அப்படியே நின்றுவிட்டது. சோதனைச் சாவடியில் அந்த அட்டையை நீட்டினால், வாங்குகிறவன் ஒருமுறை அட்டையைப் பார்ப்பான், ஒருமுறை முகத்தைப் பார்ப்பான், பிறகு "இந்தப் பக்கம் வா" என்பான். சந்தைக்குப் போனாலும் அதுதான், பூசைக்குப் போனாலும் அதுதான்.

சாப்பிட்ட பிறகு அவர் பிரேம்களை ஒன்றின் மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்துக் காட்டினார்.

"இதையும் இதையும் சேத்து ஒரே சைக்கிளா செய்யப் போறேன். உசர சைக்கிள். ஏறிக் குந்தினா ஓட்டுக் கூரை தெரியும்."

"எதுக்குங்க?"

"வருஷப் பிறப்புக்கு சைக்கிள் போட்டி வைப்பாங்கள்ல. அதுக்கு."

நான் நம்பவில்லை என்பது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "இங்க பாரு. ஒளிஞ்சு பதுங்கிப் போறவனத்தான் பிடிக்கிறாங்க. வீட்டு உசரத்துல ஒருத்தன் சைக்கிள்ல போனா யாரு சந்தேகப்படுவா? பத்து நாள் பாத்துச் சிரிப்பாங்க. அதுக்கப்புறம் 'அவன்தான்டா, அந்த சைக்கிள்காரன்'னு விட்ருவாங்க. பேரே அதுவாயிரும்."

அதைக் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் இதை எவ்வளவு நாளாக யோசித்திருப்பார் என்றுதான் பட்டது.

வேலை தொடங்கியது. கூலி வேலை முடிந்த பிறகு, பின்னேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வார். கீழ் பிரேமில் வழக்கம்போல இரண்டு சக்கரம். அதன் தலையில் மற்ற பிரேமைத் தூக்கி நிறுத்தி, முன்னும் பின்னும் பற்றவைக்க வேண்டும். பெடலும் சீட்டும் ஹேண்டிலும் மேல் பிரேமில். மேலே இருக்கிற பெடலிலிருந்து கீழே பின்சக்கரம் வரைக்கும் செயின் போக வேண்டும் என்பதால், இரண்டு செயினை அறுத்து ஒன்றாகப் பூட்டினார். ஹேண்டிலைத் திருப்பினால் கீழே முன்சக்கரம் திரும்ப வேண்டுமே. அதற்கு ஒரு நீளமான தண்ணீர்க் குழாயை மேலிருந்து கீழே இறக்கினார். நான் தையலை விட்டுவிட்டு வந்து, அவர் சொல்கிற கோணத்தில் பிரேமைப் பிடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கண்ணுக்குக் கண்ணாடி அவரிடம் ஒன்றுதான் இருந்தது.

அப்படி முகத்தைத் திருப்பியபோதுதான் எதிர்வீட்டு மாத்தயாவைக் கவனித்தேன்.

அவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற சிங்களவர். சிங்களத்தில் ஐயாவை மாத்தயா என்றும் அம்மாவை நோனா என்றும் கூப்பிடுவோம். அவரும் மனைவியும் மட்டும்தான். ஒரே மகன் வெளிநாட்டில் என்று அந்த நோனா ஒருமுறை சொல்லியிருந்தாள். ஆனால் அந்த மகன் வந்ததாகவோ, அவனிடமிருந்து ஒரு சாமான் வந்ததாகவோ நாங்கள் பார்த்ததில்லை. வெளிநாட்டில் பிள்ளை உள்ள வீட்டில் ஒரு ரேடியோவாவது புதிதாக இருக்கும். அந்த வீட்டில் அதுவுமில்லை. மகன் ஆமியில் இருக்க வேண்டும், தமிழாட்களிடம் சொல்ல விருப்பமில்லாமல் வெளிநாடு என்கிறார்கள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதை என் வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்தேன்.

மாத்தயா பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றுவதுபோல் வேலி ஓரமாக நின்றார். தண்ணீர் சட்டிக்குள் விழவில்லை, பாதையில் ஓடியது. அவர் கண் எங்கள் பட்டறையில் இருந்தது. அடுத்த நாளும் நின்றார். அதற்கடுத்த நாள் ஒரு மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார். பிடி ஆடுகிறது, ஒரு ஆணி வைத்துத் தா என்றார். பிடி ஆடவேயில்லை.

அவர் பேசியது சிங்களத்தில். என் வீட்டுக்காரர் ஆணி அடித்துக் கொடுக்கும்வரை அவர் சைக்கிளைச் சுற்றி வந்தார். குனிந்து மேல் பிரேமைப் பார்த்தார். பிறகு, ஏதோ பேச்சுக்குக் கேட்பதுபோல, "இந்த மாதிரிப் பழைய இரும்பெல்லாம் எங்க எடுக்கிற?" என்று கேட்டார்.

"கண்டியில மாத்தயா" என்றார் என் வீட்டுக்காரர்.

"கண்டியில எங்க?"

"மார்க்கெட் பக்கம். ஒரு ஆளு வச்சிருந்தான்."

அவர் போன பிறகு நான் கேட்டேன்: "யட்டவத்தப் பழைய இரும்புக் கடையிலதானே எடுத்தீங்க? ஏன் பொய் சொன்னீங்க?"

"அந்தக் கடைக்காரன் தன் பேரை இழுக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கான். அதோட, இவருக்கு எதுக்கு அது? கேக்கிற கேள்விக்கெல்லாம் உண்மையச் சொல்லிட்டே இருந்தா இந்தக் காலத்துல உருப்பட முடியுமா?"

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. நாங்கள் அப்படித்தான் பழகியிருந்தோம். எங்கே போகிறாய் என்று கேட்டால் வேறு ஊரைச் சொல்வோம், யார் வந்தார்கள் என்றால் யாருமில்லை என்போம். மறைப்பதற்கு ஒன்றுமில்லாதபோதும் மறைப்போம்.

அந்த வாரமே பொலிஸ் ஜீப் வந்தது.

பகல் பதினொரு மணி இருக்கும். ஜீப் எங்கள் கொட்டகைக்கு நேராக வந்து நின்றது. ஒரு இன்ஸ்பெக்டரும் இரண்டு கான்ஸ்டபிள்களும். அட்டையைக் கேட்டார்கள். வவுனியா என்று வாசித்ததும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டறையில் இருந்த ஒவ்வொரு குழாயையும் தூக்கிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள், உள்ளே கம்பியை விட்டுக் குத்திப் பார்த்தார்கள். பிறகு சைக்கிளிடம் வந்தார்கள். அது அரைகுறையாக, இரண்டு மாடி வீடு மாதிரிச் சுவரில் சாய்ந்து நின்றது.

"இது என்ன?"

"சைக்கிள் சேர்."

"சைக்கிளா இது? இந்தக் குழாய்க்குள்ள என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சேர். ஹேண்டிலுக்கு வச்சது."

"ஏன் ரெண்டு பக்கமும் அடைச்சிருக்கு?"

அது பற்றவைத்ததால் அடைபட்டிருந்தது. அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். வெட்டிக் காட்டு என்றார் இன்ஸ்பெக்டர். எல்லோரும் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்கள், என்னையும் சேர்த்துத்தான். என் வீட்டுக்காரர் மட்டும் குந்தி, இரும்பு அறுக்கும் வாளால் குழாயை அறுத்தார். ஒன்றுமில்லாத குழாய் என்று எனக்குத் தெரியும். இருந்தும் அது அறுபட்டுக்கொண்டிருந்தபோது, அவர் எனக்குத் தெரியாமல் ஏதாவது செய்திருப்பாரோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். கட்டின புருஷன் மேலேயே அப்படி ஒரு நினைப்பு வந்தது. அந்தக் காலம் அப்படி.

குழாய் இரண்டாக விழுந்தது. உள்ளே துருத்தூள் தவிர ஒன்றுமில்லை. ஆனாலும் அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஜீப் திரும்பியபோது எதிர்வீட்டு வேலியைப் பார்த்தேன். மாத்தயா நின்றார். அவர் ஜீப்பைப் பார்க்கவில்லை. சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர்தான் சொல்லியிருக்கிறார் என்று எனக்கு அப்போதே நிச்சயமாகிவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரரையும் கிராம சேவகரையும் கூட்டிக்கொண்டு நான் பொலிசுக்குப் போனேன். வாசலில் உள்ள வாங்குப் பலகையில் பின்னேரம்வரை உட்கார வைத்தார்கள். உள்ளே என்ன கேட்டார்கள் என்று அவர் பிறகும் முழுதாகச் சொல்லவில்லை. அடிக்கவில்லை என்றார். பழைய இரும்பு எங்கே வாங்கினாய் என்று திரும்பத் திரும்பக் கேட்டதாகவும், யட்டவத்தக் கடையைச் சொல்லிவிட்டதாகவும் சொன்னார். இருட்டுவதற்கு முன் விட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து நான் எதிர்வீட்டோடு பேச்சை நிறுத்தினேன். நோனா பலாச்சுளை கொண்டுவந்தாள். வயிறு சரியில்லை, வேண்டாம் என்று திருப்பி அனுப்பினேன். அவள் போன பிறகு வாசலைக் கழுவினேன். கொட்டகைக்கு முன்னால் ஒரு பழைய தகரத்தை இழுத்து மறைப்பாகக் கட்டினேன். என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு அதைப் பிடுங்கி எறிந்தார்.

"மறைச்சா இன்னும் சந்தேகம்தான் வரும். திறந்தே கிடக்கட்டும்."

"இந்த சைக்கிள் நமக்கு வேணாங்க. வெட்டிப் போட்டுருங்க."

"இப்ப வெட்டினா என்ன அர்த்தம்? ஏதோ இருந்துச்சு, அதான் அழிச்சிட்டான்னு சொல்ல மாட்டாங்களா?"

அவர் புதுக் குழாய் ஒன்றைத் தேடிக் கொண்டுவந்து வேலையைத் தொடர்ந்தார். செயின் கீழ் பிரேமில் உரசியது. நடுவில் ஒரு சிறு பல்சக்கரம் வைத்து அதைத் தூக்கினார். கீழ் பிரேமுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தார். மேல் பிரேமுக்குச் சிவப்பு. மேல் பிரேமில் காற்றுப் பம்ப் மாட்டுகிற இடத்தில் ஒரு கொக்கி பித்தளையில் இருந்தது. கம்பனியில் வைத்தது இல்லை, யாரோ தண்ணீர்க் குழாய் டெப்பின் பிடியை அராவி ஒட்டியது. "நல்ல கைவேலை" என்று சொல்லி, அதற்கு மட்டும் பெயின்ட் அடிக்காமல் புளி போட்டுத் தேய்த்து மினுக்கி விட்டார்.

வருஷப் பிறப்புக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது, ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து சைக்கிளை வெளியே எடுத்தார். சுவரில் சாய்த்து, கீழ் பிரேமில் ஒரு கால், மேல் பிரேமில் ஒரு கால் என்று ஏணி ஏறுவதுபோல் ஏறி உட்கார்ந்தார். சுவரைக் கையால் ஒரு தள்ளு. சைக்கிள் இரண்டு பக்கமும் ஆடியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவர் பாதை நடுவில் போய்க்கொண்டிருந்தார், அவருடைய தலை கறிமுளகுக் கொடி படர்ந்த மரங்களின் உயரத்தில் இருந்தது.

பிள்ளைகள் பின்னால் ஓடின. கடையில் நின்றவர்கள் வெளியே வந்தார்கள். நானும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெரிய ரோடுவரை வேகமாக நடந்தேன். ரோட்டுச் சந்தியில் மாரா மரத்தடியில் ஆமியின் சோதனைச் சாவடி. மணல் மூட்டைக்குப் பின்னாலிருந்து ஒரு சிப்பாய் எழுந்து, கையைக் காட்டி நிறுத்தச் சொன்னான். அந்த சைக்கிளை நிறுத்தினால் விழ வேண்டும். என் வீட்டுக்காரர் மேலே பார்த்தார், மாரா மரத்தின் தாழ்ந்த கிளை ஒன்றை எட்டிப் பிடித்துக்கொண்டார். சைக்கிள் அவருக்குக் கீழே அசையாமல் நின்றது.

"ஐசி!"

"சேர், கைய விட்டா விழுந்துருவேன். சட்டைப் பையில இருக்கு, எடுத்துக்கங்க."

சிப்பாய்க்குக் கை எட்டவில்லை. மணல் மூட்டை மேல் ஏறி எட்டி எடுத்தான். மற்றச் சிப்பாய்கள் சிரித்தார்கள், பஸ்ஸுக்கு நின்ற சனங்கள் சிரித்தார்கள், நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். அட்டையை வாசித்ததும் அவன் சிரிப்பு நின்றது. "வவுனியா" என்றான். சுற்றியிருந்தவர்களின் சத்தமும் அடங்கிப்போனது. கிளையில் தொங்கியபடி என் வீட்டுக்காரர் அவனைப் பார்த்தார். அவன் சைக்கிளை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தான். பிறகு அட்டையை அவர் பையில் திருப்பிச் செருகி, "போ, போ, விழுந்து தொலையாதே" என்று சொல்லிப் பின்னால் ஒரு தள்ளுத் தள்ளி விட்டான்.

பலாபத்வல வரை போய்த் திரும்பி வந்தார். அவர் முகத்தை நான் அப்படிப் பார்த்ததேயில்லை. எல்லாப் பல்லும் தெரிந்தது. நினைத்தது நடந்துவிட்டது என்று எனக்கும் தோன்றியது.

எங்கள் குறுக்குப் பாதைக்குள் திரும்பியபோது நடுவில் எதிர்வீட்டு மாத்தயா நின்றார். சாரமும் பனியனும். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

"தள்ளுங்க மாத்தயா! நிறுத்த ஏலாது!"

அவர் நகரவில்லை. என் வீட்டுக்காரர் சுவர்ப் பக்கம் வெட்டித் திருப்பி, சுவரில் முட்டி, பாதி குதித்துப் பாதி விழுந்தார். முழங்கை உரிந்து ரத்தம் வந்தது. நான் கத்திக்கொண்டு ஓடினேன். பொலிசுக்குச் சொன்னது போதாது என்று கொல்லவும் பார்க்கிறாயா என்று என் வாயில் வந்த சிங்களத்திலும் தமிழிலும் திட்டினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. விழுந்து கிடந்த சைக்கிளின் பக்கத்தில் மண்டியிட்டு அந்தப் பித்தளைக் கொக்கியை விரலால் தடவினார்.

"இது நான் செஞ்சது" என்றார். "எங்க வீட்டுக் கிணத்தடி டெப்பில இருந்து எடுத்து நான் செஞ்சது. இது என் மகன் சைக்கிள்."

நோனா வாசலில் வந்து நின்றாள். ஓடி வந்து அவர் தோளைப் பிடித்து, "பேசாம வாங்க, உள்ள வாங்க" என்று இழுத்தாள். அவர் எழுந்திருக்கவில்லை.

பாதையில் சனம் கூடுவதைக் கண்டு என் வீட்டுக்காரர்தான் அவர்கள் இரண்டு பேரையும் எங்கள் கொட்டகைக்குள் கூட்டிவந்து உட்கார வைத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். மாத்தயா குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார். மகன் வெளிநாட்டில் இல்லை. எண்பத்தொன்பதில், அரசாங்கத்துக்கு எதிரான கலகத்தை அடக்குகிறோம் என்று ஆமியும் பொலிசும் சிங்களப் பொடியன்களையே இரவும் பகலும் பிடித்துக்கொண்டு போன காலத்தில், காலையில் டியூஷனுக்கு என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போனவன் திரும்பி வரவில்லை. ரோட்டில் சோதனை நடந்த இடத்தில் சைக்கிளோடு நிறுத்தி வைத்திருந்ததை ஒருவர் பார்த்திருக்கிறார். கேட்டுப் போன இடமெல்லாம் அப்படி ஒருவனைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். மகன் அப்படிப் போனவன் என்று தெரிந்தால் வீட்டுக்கே ஆபத்து வரும் என்று, பழைய வீட்டை விற்று இங்கே வந்து, வெளிநாடு என்று சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

"நீ பிரேமைத் தோள்ல தூக்கிட்டு வந்த அன்னைக்கே எனக்கு அவனோடது மாதிரித் தெரிஞ்சுது" என்றார் என் வீட்டுக்காரரிடம். "கிட்ட வந்து பாத்தேன். நீ கண்டியில வாங்கினதாச் சொன்ன. நான் பொலிசுல தெரிஞ்ச ஒருத்தன்கிட்ட, எதிர்வீட்டுல திருட்டு சைக்கிள் இருக்கு, எங்க இருந்து வந்துச்சுன்னு விசாரின்னு சொன்னேன். மகனைப் பத்திச் சொல்லப் பயம். அவனுங்க வந்து குழாயை வெட்டிட்டுப் போனானுங்க. அதுக்கப்புறம் அதே ஆள் சொல்றான், நீ யட்டவத்தன்னு சொன்னியாம். எனக்கு ஒரு ஊரு, பொலிசுக்கு ஒரு ஊரு. நான் எதை நம்புறது? நீ யாரு? அந்த நாள்ல நீ எங்க இருந்த?"

கடைசிக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில்தான் எனக்கு விளங்கியது. நாங்கள் அவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்த அத்தனை நாளும், என் வீட்டுக்காரர் தன் பிள்ளையைப் பிடித்தவர்களோடு சேர்ந்த ஆளாக இருப்பாரோ என்று அவர் வேலியில் நின்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"வாங்க மாத்தயா" என்றார் என் வீட்டுக்காரர். "இப்பவே யட்டவத்தைக்குப் போவோம். நீங்களே கேளுங்க."

நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். முழங்கையில் கட்டிய துணியில் ரத்தம் ஊறியபடியே அவர் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தார். மாத்தயா எங்களோடு உட்காரவில்லை. பின்னால் போய், எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டார்.

பழைய இரும்புக் கடைக்காரன் எங்களைக் கண்டதும் கடையைச் சாத்தப் பார்த்தான். என் வீட்டுக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு, இந்த மாத்தயாவுக்கு உண்மையைச் சொன்னால் போதும், வேறு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னார். அவன் மாத்தயாவின் முகத்தைப் பார்த்தான். என்ன விஷயம் என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவைப்படவில்லை.

"ஆமா, இவருக்கு நான்தான் குடுத்தேன்" என்றான் சிங்களத்தில். "ஒரு லொறி சைக்கிள் வந்துச்சு. எல்லாம் ஒண்ணோட ஒண்ணு துருப்பிடிச்சுப் போய், பிரிக்கவே ஏலாம. எந்த இடத்துல இருந்து வந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. எனக்கும் பிள்ளைங்க இருக்கு."

"மிச்சம்?" என்றார் மாத்தயா.

கடைக்காரன் பின்பக்கம் கூட்டிப் போனான். புல் வளர்ந்த நிலத்தில் சைக்கிள்கள் குவிந்து கிடந்தன. பெரிய சைக்கிள், பெண்கள் ஓட்டுகிற சைக்கிள், பின்னால் கூடை வைத்துக் கட்டியது, பள்ளிக்கூடப் பையைத் தொங்கவிடக் கம்பி வளைத்தது. மாத்தயா அந்தக் குவியலைச் சுற்றி நடந்தார். எதையும் தொடவில்லை. "ஒவ்வொண்ணுக்கும் ஒரு வீடு இருக்கும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் எங்களுக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார்.

அடுத்த நாள் அவர் ஒன்று கேட்டார். சைக்கிளை அப்படியே வைத்துக்கொண்டு தினமும் ரோட்டில் ஓட்டு என்றார். மகனைப் பிடித்து சைக்கிளை எடுத்தவன் எவனாவது பார்ப்பான், பார்த்தால் முகம் மாறும், அதை நான் கண்டுபிடிப்பேன் என்றார். என் வீட்டுக்காரர் யோசித்தார். நான் முடியாது என்றேன்.

"உங்க கஷ்டம் புரியுது மாத்தயா. ஆனா அந்த முகம் மாறினா அவன் முதல்ல தேடி வர்றது எங்க வீட்டைத்தான். இவரு ஐசியில என்ன எழுதியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். நோனாதான் பேசினாள். "இந்தப் பொண்ணு சொல்றது சரி. எனக்கு அதை வீட்டுல குடுங்க. அவ்வளவுதான் வேணும்."

என் வீட்டுக்காரர் அன்று பின்னேரமே மேல் பிரேமை அறுத்துப் பிரித்தார். பற்றவைத்த இடங்களை அராவி, தான் அடித்த சிவப்புப் பெயின்டைச் சுரண்டி எடுத்தார். அடியில் பழைய பச்சை தெரிந்தது. நோனா அதை வாங்கி மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். நான் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். வருஷப் பிறப்புப் போட்டிக்கு என் வீட்டுக்காரர் போகவில்லை.

பிறகு, காணாமல் போனவர்களைப் பற்றி விசாரிக்க அரசாங்கத்தில் ஆட்கள் வந்தபோது, மாத்தயா அந்தப் பிரேமைத் துணியில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனார். சாயந்தரம் அதே துணியில் சுற்றித் திரும்பிக் கொண்டுவந்தார். எழுதிக்கொண்டார்களாம், பத்திரமாக வைத்திருக்கச் சொன்னார்களாம். அதற்கு மேல் எதுவும் வரவில்லை. ஆனால் அதிலிருந்து நோனா யாரிடமும் வெளிநாடு என்று சொல்வதில்லை. கேட்டால், "கொண்டு போயிட்டாங்க" என்பாள்.

எங்களுக்குள் பழக்கம் வந்தது. முழு நம்பிக்கை வந்தது என்று சொல்ல மாட்டேன். மாத்தயா எங்களோடு தேத்தண்ணி குடித்துக்கொண்டே இருப்பார், திடீரென்று, "நீ ஏன் முதல்ல கண்டின்னு சொன்ன?" என்பார். என் வீட்டுக்காரர் பொறுமையாகக் காரணத்தைச் சொல்வார். அவர் தலையாட்டுவார். சில மாதம் கழித்து மறுபடியும் கேட்பார். எனக்கும் அப்படித்தான். ஜீப் சத்தம் கேட்டால் என் கண் முதலில் போவது எதிர்வீட்டு வேலிக்குத்தான்.

இரண்டு வருஷத்துக்குப் பிறகு வீட்டுச் சொந்தக்காரர் வீட்டைக் கேட்டார். நாங்கள் வேறு ஊருக்குப் போனோம். சாமான் ஏற்றும்போது மாத்தயா வந்து வெல்டிங் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டார். லொறி புறப்படப் போகும்போது நோனா ஓடி வந்து என் கையைப் பிடித்தாள்.

"நீங்க போற ஊர்லயும் பழைய இரும்புக் கடை இருக்கும்தானே?"

"இருக்கும் நோனா."

"போய்ப் பாருங்க. சக்கரம் ரெண்டும் இன்னும் கிடைக்கல்ல. சின்ன வயசுல அவன் கம்பியெல்லாம் கலர் கலரா வயர் சுத்தி வச்சிருந்தான். சத்தம் வரும். முன்சக்கரத்துல மஞ்சள், பின்சக்கரத்துல நீலம். பாத்தா உங்களுக்குத் தெரியும்."

பார்க்கிறேன் என்று சொன்னேன். புது ஊரில் பழைய இரும்புக் கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. குடிபோன அடுத்த வாரமே போய்ப் பார்த்தேன். அதற்குப் பிறகும், நூலோ பொத்தானோ வாங்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். கடைக்காரனுக்கு என் மேல் சந்தேகம். என்ன தேடுகிறாய் அக்கா என்று ஒவ்வொரு முறையும் கேட்பான். சும்மா என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.